எந்தப் பக்கம் கலைவது?

போன வாரம் காவல் நிலையத்திலிருந்து போன். "சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்துடுங்க சார்" என்று இடத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பத்திரிகைல இன்னா எழுதித் தொலைச்சீங்க?"

நான் ஒன்றும் எழுதவில்லை. போய்ப் பார்த்தால், செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போலீஸ் நடத்தும் கூட்டம். மறியல், ஆர்ப்பாட்டம் நடக்கும்போது கூட்டத்தை எப்படிக் கையாளுவது என்று பொதுமக்களிடமே கருத்துக் கேட்கிறார்களாம். கேட்கிறார்களே… அதுவே பெரிய விஷயம் இல்லையா?

கடைக்காரர்கள் வியாபாரம் கெடுவதைப் பற்றிப் பேசினார்கள். டிரைவர்கள் டிராஃபிக் பற்றிப் பேசினார்கள். டீயும் மிக்சரும் வந்தன. எல்லாம் மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு செல்வி எழுந்தார். செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்தில் ஒரு கிராமம் — ஊர்ப் பெயர் வேண்டாம். பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவர். நான்கு மாதத்துக்கு முன்னால், குடிதண்ணீர் வரவில்லை என்று அந்த ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. தள்ளுமுள்ளு. லத்தி ஒன்று செல்வியின் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு மறியலில் நின்ற பஸ்ஸில் நானும் இருந்தேன். "நாலு தட்டு தட்டுனா எழுந்து போயிடுவாங்க" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னவன் நான்தான். அதில் ஒன்று யார் கையில் விழுந்தது என்று சனிக்கிழமைதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

செல்வி மேடைக்குப் போனார். அங்கிருந்த போர்டில் இடது கையால் கோணல்மாணலாக ஒரு ரோடு வரைந்தார்.

"இந்தப் பக்கம் ஏரி வாய்க்கா. அந்தப் பக்கம் முள்வேலி. முன்னாடி உங்க வேனு. பின்னாடி வரிசையா பஸ்ஸு. மைக்ல கலைஞ்சி போங்கன்னீங்க. எந்தப் பக்கம் சார் போறது?"

பதிலுக்குக் காத்திராமல் செல்வி தொடர்ந்தார்.

"அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில்ல எவ்ளோ ஜனம்? உள்ள போக ஒரு வழி, வெளிய வர ஒரு வழின்னு கட்டை கட்டி விடறீங்க. பாத்துப் போம்மான்னு சொல்றீங்க. அங்க வர்றதும் நாங்கதானே?"

பின்வரிசையில் ஒரு ஏட்டு எழுந்தார். வயதானவர். "நான் அன்னிக்கு முன்னாடி நின்னேன்மா. பின்னாடி பஸ்ஸு அடைச்சிட்டிருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது. வேணும்னே போகாம நிக்கிறீங்கன்னு நெனச்சிட்டோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தனை அடியும் இதற்காகவா? போக வழியில்லாதவர்களை, போக மறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டதற்காகவா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நானும் அப்படித்தானே நினைத்தேன். ஒருவர் இறங்கிக் கூட்டத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்திருந்தால் போதும். பஸ்களை நாற்பதடி பின்னால் எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி நல்ல மனிதர். சாக்குச் சொல்லிச் சமாளிக்கவில்லை. "இனிமே முதல்ல வழி. அப்புறம்தான் மைக்" என்று சொல்லி, நோட்டில் தானே எழுதிக்கொண்டார். கைதட்டினோம்.

"உங்களுக்குன்னு எதாச்சும் கேக்கணுமாம்மா?" என்றார்.

செல்வி யோசித்தார். "தண்ணி இன்னும் வரல சார். மறுபடியும் அங்கதான் வந்து உக்காருவோம். வழி விட்டுடுங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதாமல் மூடிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

தண்ணீர் விட வேண்டியவர்களை அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவே இல்லை.