மைக் கூடினால் காய்ச்சல் கூடும்

அவரை எல்லோரும் மைக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சுகாதார அலுவலக வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, 'தண்ணீரை மூடி வையுங்கள், கொசுவை ஒழியுங்கள்' என்று தெருத்தெருவாகக் கத்துவது இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. அந்தக் குரலெல்லாம் வெளியில்தான். வீட்டுக்குள் உப்பு கேட்பதற்கே இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார்.

இந்த வருடம் ஒரு கணக்கு மேடம் வந்து சேர்ந்தார். மைக் சத்தத்தையும் காய்ச்சலையும் ஒரே சமன்பாட்டில் கட்டிப்போடுவது அவர் வேலை. ஜனங்கள் இரண்டு வகையாம், சமன்பாட்டில் வகைக்கு ஓர் எழுத்தாம்: விஷயம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். மைக் கேட்டால் தெரிந்துகொள்வார்கள். கொஞ்ச நாளில் மறந்துபோவார்கள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் பார்த்ததெல்லாம் மூன்றாவது வகை: தெரிந்தும் மூடாதவர்கள். அவர்களுக்கு மேடம் எழுத்தே ஒதுக்கவில்லை.

வண்டி எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை ஜி.பி.எஸ். புட்டுப்புட்டு வைத்தது. பதினோரு தெருக்களில் வண்டி நிற்க நிற்கக் காய்ச்சல் குறைந்திருந்தது. பன்னிரண்டாவதில்தான் வண்டி அதிகம் நின்றது. காய்ச்சலும் அங்கேதான் அதிகம். அந்த ஒற்றைத் தெரு, வரைபடத்தில் கீழே இறங்க வேண்டிய கோட்டை மேலே நிமிர்த்திவிட்டது. மைக் கூடினால் காய்ச்சல் கூடுகிறது என்று அறிக்கை தயாரானது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அதிகாரி அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாவது, அண்ணன் குடியிருக்கும் தெரு. மதியம் சாப்பிட வந்தால் வண்டி இரண்டு மணி நேரம் வாசலில் நிற்கும். மைக் மட்டும் வாயைத் திறக்காது. இதைச் சொன்னால் வேலையில் ஓபியடித்தவர். சொல்லாவிட்டால் காய்ச்சலைப் பரப்பியவர். யோசித்துப் பார்த்து, முதல் பட்டமே தேவலை என்று மேடத்திடம் போனார்.

"அந்தத் தெருவுல வண்டி நின்னுச்சும்மா. மைக் பேசல."

"ஏண்ணே?"

"வீட்டுல தூங்குவாங்க."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எழுப்பினா எனக்குத்தான் சரியில்லாம போகும்."

மேடம் அந்தத் தெருவின் நேரத்தைச் சுழியாக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினார். கோடு சமர்த்தாகக் கீழே இறங்கியது. வேலை தப்பியது. தண்டனையாக ஓர் உத்தரவும் வந்தது: ஒரு மாதம், தினமும் மதியம் இரண்டு மணிக்கு, பன்னிரண்டாவது தெருவில் அறிவிப்பு.

முதல் நாள் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார். கதவு திறந்தது. வீட்டம்மா கொண்டையை முடிந்தபடி நேராக வண்டிக்கே வந்துவிட்டார்.

"நம்ம ட்ரம்முக்கு ஒரு மூடி வாங்கிட்டு வாங்கன்னு மூணு வருஷமா சொல்றேன். ஊருக்கு மட்டும் வாய் கிழியுதா?"

மைக்கை அணைக்க அண்ணனுக்குத் தோன்றவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் மூடாத பாத்திரமே இல்லை, அண்ணன் வீட்டு ட்ரம் உட்பட.

மேடம் இப்போது வீட்டம்மாவின் குரலுக்குச் சமன்பாட்டில் ஓர் எழுத்து தேடிக்கொண்டிருக்கிறார்.