மணி அடித்த பிறகு சனி

சின்னப் பிள்ளைகளைச் சத்தம் போட்டுப் படிக்க வைக்கிற உத்தியோகத்தில் முதலில் தேய்வது டீச்சரின் தொண்டை. ஒன்றாம் வகுப்பை மேய்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆம்பூரில் எனக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஜோலார்பேட்டையில் அண்ணியின் சமையலறை. திரும்பி வரமாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வேறு கிளம்பியிருந்தேன்.

பின்பாட்டு

வகுப்புக்கே ஒரு புத்தகம். நான் ஒரு வரி வாசிப்பேன், பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். கிரகங்கள் பாடம் ஆரம்பித்தேன். "பூமி சூரியனைச் சுற்றி வருகிறது." சொன்னார்கள். "ஏழுமலை, மூக்கிலிருந்து விரலை எடு." அதையும் ராகம் போட்டுச் சொன்னார்கள். "ஐயோ, வாயை மூடுங்கள்!" என்று கத்தினேன். அதுவும் அப்படியே திரும்பி வந்தது.

ஏழுமலை மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவனை முறைத்தேன். "அதான் எடுத்துட்டேனே டீச்சர், இன்னும் இன்னா?"

வெள்ளி எப்படி இருக்கும்?

கிரகத்தின் பேரும் கிழமையின் பேரும் ஒன்றாக இருப்பதால் சுலபமாக மனசில் பதியும் என்று நம்பினேன். பதிந்தது, வேறு மாதிரி. எங்கள் ஊர் டேனரிகளில் தோல் பதனிடும் வேலைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வெள்ளிக் கிரகம் எப்படி இருக்கும் என்று கேட்டதும் முன்வரிசைக் குப்பு எழுந்து நின்றாள். "நாத்தம் கம்மியா இருக்கும் டீச்சர். அன்னிக்கு டேனரி லீவு."

காலங்காத்தால

குப்புவின் அம்மா பவுனம்மா டேனரியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள். தினமும் காலையில் ஒரு கும்பலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போவார்கள். ஒருநாள் நேரே வகுப்புக்குள் வந்துவிட்டாள். "வேலைக்குப் போற மனுசங்களைப் பாத்து சனி, சனின்னு கத்தறாங்களே, விளங்குமா டீச்சரம்மா? போன வாரம் ஒருத்திக்கு உலக்கை கால்ல விழுந்துச்சு."

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனால் இவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டால் வகுப்பே காலி என்கிற பயம் அதைவிட ஜாஸ்தி. என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மத்ததெல்லாம் படிங்க. சனியை மட்டும் டேனரி மணி அடிச்சப்புறம் படிங்க." சரி என்றேன், பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லி வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார்

அவர் வந்ததும் அதே காலை வேளையில்தான். கிரகங்களையே வாசிக்கச் சொன்னார். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன் என்று கணீரென்று வந்தது. அதோடு நின்றது. நான் "சனி" என்றேன். ஒரு வாய் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே பவுனம்மாவின் கும்பல் போய்க்கொண்டிருந்தது. அண்ணியின் அடுப்புப் புகை என் கண்ணில் இப்போதே கரித்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னும் மணி அடிக்கல சார்" என்றாள் குப்பு. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நல்ல வேளையாக அப்போதே டேனரி மணி அடித்தது. "சனி!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குப்புவிடம் திரும்பி, "நீங்க சொன்ன மத்ததுக்கெல்லாம் கிழமை இருக்கு. பூமிக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டார். எனக்கே தெரியாது. என் வேலை போனது என்று முடிவு கட்டிவிட்டேன்.

குப்பு தயங்கவே இல்லை. "கிழமை இருந்தா லீவு வுட்டுடுவாங்க சார். எங்கம்மா மாதிரி அது தினமும் சுத்தணும்."

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். போகிறபோக்கில் என்னிடம் சொன்னார்: "இந்த வகுப்பை நீங்களே வச்சுக்குங்கம்மா, வேற யாராலயும் முடியாது."

சனி பிடித்து ஆட்டியதாக ஊரில் ஆளாளுக்குப் புலம்புகிறார்கள். எனக்கு மட்டும் அது, கொஞ்சம் தாமதமாக வந்தாலும், வேலையை நிரந்தரமாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிற்று.