ஸ்டிக்கரை உரிக்கச் சொன்னது யார்?

இந்த வாரம் உங்களுக்கு இரண்டு இலவச டூல்களையும், டிசைன் பற்றிய ஓர் ஆன்லைன் கோர்ஸையும் அறிமுகம் செய்வதாக இருந்தேன். பாதிக்கு மேல் எழுதியும் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் தணிகாசலத்திடமிருந்து ஒரு போன் வந்தது. எழுதியதை மொத்தமாக டெலிட் செய்துவிட்டேன்.

தணிகாசலத்தை உங்களுக்குத் தெரியாது. படப்பையில் என் தெருவுக்குப் பின்தெருக்காரர். பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். இப்போது ஒரகடம் பக்கத்து ஃபேக்டரி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ்கள் அவருடையவை. "பஸ் எங்க கீதுன்னு போன் மேல போன் போட்டு கேக்குறாங்க சார், டிரைவர் வண்டி ஓட்டுவானா, பதில் சொல்லிகினு இருப்பானா?" என்று புலம்பினார். அவருக்காக ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஏறியதும் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், யார் யார் ஏறினார்கள் என்று ஃபேக்டரிக்கும் தகவல் போய்விடும்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிதப்பில் இருந்தவனுக்குத்தான் செவ்வாய்க்கிழமை போன்.

"இன்னா சார் பண்ணி வச்சிகிற? உன் வெப்சைட்டால ஒரு பொண்ணுக்கு வேலை பூடும் போல கீதே!"

"என்ன ஆச்சு... சர்வர் டவுனா?"

"சர்வர் கிர்வர்லாம் எனக்குத் தெரியாது. நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ண கேட்டாண்ட பஸ்ஸுலருந்து எறக்கிட்டாங்க சார். ஐடி கார்டையும் வாங்கி வச்சிகினாங்க. இன்னிக்கி எச்.ஆர்.ல விசாரணை. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. ஒடனே கெளம்பி வா."

வெப்சைட்டால் வேலை போகுமா? பட்டன் வேலை செய்யவில்லை என்று திட்டு வாங்கியிருக்கிறேன். கலர் பிடிக்கவில்லை என்று பில்லை இழுத்தடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் எழுதிய கோட் ஒரு பெண்ணைப் பஸ்ஸிலிருந்து இறக்கியது என்று கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது.

கிளம்புவதற்கு முன் எரர் லாகைத் திறந்து பார்த்தேன். ஒரு எரரும் இல்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். போன வாரம் வரை காலையில் ஏறும்போது மட்டும்தான் ஸ்கேன் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்து ஏறும்போதும் கேட்கிற மாதிரி மாற்றியிருந்தேன். அதோடு, நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய இருந்த அந்த கோர்ஸில் கற்றுக்கொண்டதையும் சேர்த்திருந்தேன். திரையின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை. அதற்குள் குறைந்துகொண்டே வரும் விநாடிகள். இப்படி வைத்தால் பயனாளர் தள்ளிப்போட மாட்டார் என்பது பாடம். 'பிறகு' என்று ஒரு பட்டன் முதலிலிருந்தே உண்டு... அதைக் கீழே தள்ளி, சின்னதாக்கி, சாம்பல் நிறமாக்கினேன். அதுவும் அந்தப் பாடம்தான்.

டெஸ்ட் செய்யாமல் விட்டேனா என்று கேட்பீர்கள். தணிகாசலத்தின் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்து, விலை மலிவான போனில், நெட்வொர்க்கை வேண்டுமென்றே மெதுவாக்கி, மூன்று பிரவுசரில் சோதித்தேன். உங்களுக்கு உபதேசம் செய்வதை நானும் செய்கிறவன்தான். என்ன, பஸ் அப்போது படப்பையில் நின்றிருந்தது.

ஃபேக்டரி வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். உள்ளூர்க்காரர், மீசை பெரிசு.

"போன குடு சார்."

கொடுத்தேன். ஒரு சுருளிலிருந்து வட்டமான நீல ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்து, பின்பக்கக் கேமராவில் ஒட்டினார். திருப்பி, முன்பக்கக் கேமராவிலும் ஒன்று.

"இது எதுக்குங்க?"

"மொத தபா வர்றியா சார்? உள்ள கேமரா அலவ்ட் இல்ல. போம்போது நான்தான் செக் பண்ணிட்டு எடுப்பேன். நடுவுல நீயா பிச்சின்னா அடில தடம் வுழுந்துடும். அப்பால என்னாண்ட பேசாத, எச்.ஆர். கிட்ட பேசிக்கோ."

"எல்லாருக்கும் ஒட்டுவீங்களா?"

"எம்.டி.யே வந்தாலும் ஒட்டுவேன் சார்!"

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கேட்டுக்கு உள்ளே, கண்ணெதிரே, தணிகாசலத்தின் பஸ்கள் வரிசையாக நின்றன. காலையில் ஜனங்கள் ரோட்டில் ஏறுகிறார்கள். போனில் ஸ்டிக்கர் கிடையாது. சாயங்காலம் ஏறுவது இங்கே, கேட்டுக்கு உள்ளே. ஒரு போனுக்கும் கண் திறந்திருக்காது. அந்தப் போன்களிடம் போய் நான் ஸ்கேன் கேட்டிருக்கிறேன்!

எச்.ஆர். அறையில் தணிகாசலம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் எச்.ஆர். மேடம். இந்தப் பக்கம், நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண். பெயர் முத்துச்செல்வி. திருநெல்வேலிப் பக்கம். டிப்ளமோ முடித்து ட்ரெய்னியாகச் சேர்ந்தவள். இருங்காட்டுக்கோட்டையில் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். ட்ரெய்னி காலம் முடிந்து வேலை நிரந்தரமாகப் போகிற நேரம். திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் முதலில் ஏறியவள் இவள். என் பக்கத்தை முதலில் திறந்தவளும் இவள். ஸ்டிக்கரை உரித்து, ஸ்கேன் செய்துவிட்டு, பத்திரமாகத் திரும்ப ஒட்டியிருக்கிறாள். மற்றவர்கள் பக்கத்தைத் திறப்பதற்குள் பஸ் கேட்டுக்கு வந்துவிட்டது; அங்கே ஸ்டிக்கர்களைச் சோதித்தபோது இவளைப் பிடித்துவிட்டார்கள். ஸ்டிக்கரை உரித்தால் வேலை இல்லை... அங்கே அதுதான் ரூல்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு என் பேரில் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"மேடம், ஸ்கேன் பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. கீழேயே 'பிறகு'ன்னு ஒரு பட்டன் குடுத்திருக்கேன்."

என் வெப்சைட்டைக் காப்பாற்றப் போய் அவளை மாட்டிவிட்டேன் என்பது, மேடம் அவள் பக்கம் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

"'பிறகு'ன்னு இருந்திருக்கே. நீ ஏம்மா அதை அழுத்தல? பாக்கலையா?"

"பாத்தேன் மேடம். அத அமுக்கக் கூடாதுல்லா?"

"யார் சொன்னது?"

"ட்ரெயினிங்ல நீங்கதான சொன்னீங்க மேடம். லைன்ல மிஷின் ஸ்க்ரீன்ல ஸ்கேன் பண்ணுன்னு வந்தா பண்ணிரணும். பண்ணாம அடுத்ததுக்குப் போனா அது பைபாஸ், பைபாஸ் பண்ணுனா அன்னைக்கே வீட்டுக்குன்னு சொன்னீங்கல்லா. செவப்பு வேற எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. நம்பர் வேற கொறையுது. லைன்ல அப்படி வந்தா அடுத்து லைன் நின்னுரும் மேடம். சூப்பர்வைசர் ஓடி வந்துருவாவ."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ட்ரெயினிங் கொடுத்தவர் அவர்தானே!

எனக்கோ தலையில் வேறொன்று சுற்றியது. போன மாதம் இதே இடத்தில் உங்களிடம் ஒரு பெருமை அடித்துக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா? என் வெப்சைட்டில் ஒருவர்கூட 'பிறகு' பட்டனை அழுத்தவில்லை, நல்ல டிசைன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று? உங்களில் பலர் பாராட்டி மெயில்கூட அனுப்பினீர்கள். டிசைனும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரம் திரை சொல்வதைத் தட்டாமல் செய்துவிட்டு வருகிறவர்கள், என் திரை சொன்னதையும் தட்டாமல் செய்திருக்கிறார்கள். நான் அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

மேடம் விடவில்லை. "அதெல்லாம் சரிம்மா. ஸ்டிக்கரை உரிக்கக் கூடாதுன்னும் அதே ட்ரெயினிங்ல சொல்லியிருக்கோமே. உனக்கா தோணுச்சா, யாராவது சொன்னாங்களா?"

முத்துச்செல்வி என்னை ஒரு தடவை பார்த்தாள். போட்டுக்கொடுக்கத் தயங்குகிற பார்வை.

"போன்லயே போட்டிருந்துச்சு மேடம்."

"என்னன்னு?"

"உரிக்கச் சொல்லி."

"அப்படி நான் எழுதவே இல்லையே!" என்று எழுந்தேவிட்டேன். நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது. தப்பு செய்திருக்கலாம்... அதற்காக எழுதாததை எழுதியதாகச் சொன்னால்?

மேடம் அலட்டிக்கொள்ளவில்லை. "உங்க போன்லதான் ஸ்டிக்கர் இருக்கே சார். வெப்சைட்டைத் தொறந்து காட்டுங்க, பாத்துடலாம்."

திறந்தேன். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். கேமரா ஆன் ஆனது. திரை கன்னங்கரேல் என்று இருந்தது. தலையில் சிவப்புப் பட்டை எரிந்தது. விநாடிகள் குறைய ஆரம்பித்தன. பிறகு, கறுப்புக்கு நடுவே வெள்ளை எழுத்தில், அழகான தமிழில் ஒரு வாக்கியம் வந்தது.

'கேமராவை ஏதோ மறைக்கிறது. மறைப்பதை அகற்றிவிட்டு உடனே ஸ்கேன் செய்யவும்.'

மேடம் அதைச் சத்தமாக ஒரு தடவை படித்தார். தணிகாசலம், "அடப்பாவமே, இன்னா சார் இது..." என்றார்.

எழுதியது நான்தான். ஸ்கேன் செய்ய ஒரு ரெடிமேட் லைப்ரரியை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த கோடை, பயன்படுத்தியிருந்தேன். படம் இருட்டாக இருந்தால், பெர்மிஷன் இல்லை என்றால், கேமராவே இல்லை என்றால்... ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு ஆங்கில மெசேஜ் உண்டு. நம் ஜனங்களுக்குத் தமிழில் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மொழிபெயர்த்துத் தள்ளினேன். லென்ஸ் மேல் கட்டைவிரல் பட்டிருக்கும், அதற்கான மெசேஜ் என்று நினைத்துக்கொண்டேன். 'உடனே' என்ற வார்த்தை ஆங்கிலத்தில் இல்லை. அது என் சொந்தச் சரக்கு.

இதற்கு மேல் வெட்கப்பட ஒன்றும் பாக்கி இல்லை என்று நினைத்தேன். அப்போதுதான் மேடம் கத்தினார்.

"சார்! கை! கை!"

குனிந்து பார்த்தேன். விநாடிகள் குறையக் குறைய, என் கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்துக்குப் போயிருந்தது. சத்தியமாக எனக்குத் தெரியாது. திரையில் சிவப்பு எரிகிறது, நம்பர் ஓடுகிறது, உடனே அகற்று என்கிறது... கை தானாகப் போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. மேடம் எழுந்து வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். "ஒரு வார்னிங் உண்டும்மா, அது இல்லாம முடியாது. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. செக்யூரிட்டிகிட்ட கார்டை வாங்கிட்டு ஷிப்டுக்குப் போ" என்றார். முத்துச்செல்வி நாற்காலி முதுகை விடவே இல்லை. "நெசமாவா மேடம்?" என்று கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். அப்புறம்தான் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன!

மேடம் என் பக்கம் திரும்பி, "உங்க வெப்சைட் சாயங்கால பஸ்ஸுக்கு முன்னாடி மாறியாகணும்" என்றார். தலையாட்டினேன்.

மாற்றியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனுக்குப் பதிலாக, சீட் நம்பரை டைப் செய்தாலும் போதும் என்று வைத்துவிட்டேன். பக்கம் திறந்ததும் கேமராவைக் கேட்பதில்லை. ஸ்கேன் வேண்டும் என்று அவர்களே தொட்டால்தான் கேட்கும். சிவப்புப் பட்டை, ஓடும் விநாடி, எல்லாம் குப்பைக்குப் போயின. 'பிறகு' பட்டன் பெரிசாக, மற்ற பட்டனுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கிறது. நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். பயன்படுத்துகிற லைப்ரரிகளின் எரர் மெசேஜ்களை எல்லாம் ஒரு நாள் வரிசையாக உட்கார்ந்து படியுங்கள். மெசேஜ் படிக்கிறவர் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார், அதன்படி செய்தால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த இடத்துக்கு ஒரு தடவை நேரில் போய்விட்டும் வாருங்கள். இதற்கு எந்த டூலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். அந்த கோர்ஸின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

இந்த மாற்றத்தை எல்லாம் செய்ய நான் முதலில் வெளியே வந்தாக வேண்டுமே! போனைக் கேட்டில் நீட்டினேன். செக்யூரிட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். மீசை துடித்தது.

"சார், ஓரம் தூக்கிகினு கீதே? காலைலதான அவ்ளோ சொன்னேன்? யாரு உன்னப் பிக்கச் சொன்னது?"

"இல்லைங்க... அது வந்து..."

என்னவென்று சொல்வேன்? யார் பெயரைச் சொல்வேன்? நான் விழித்துக்கொண்டிருந்தபோது, கார்டை வாங்க வந்த முத்துச்செல்வி பின்னாலிருந்து சொன்னாள்.

"அவர விட்ருங்கண்ணே, பாவம். அவரு எழுதுனதே அவர உரிக்கச் சொல்லிருச்சு."