பழைய கம்ப்யூட்டரில் பூசம்

புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லி என்னை நச்சரித்தது என் கணவர்தான். பழையதற்கு நான் செய்த பணிவிடையில் பாதியைத் தனக்குச் செய்திருந்தால் தன் சர்க்கரை என்றைக்கோ இறங்கியிருக்கும் என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் பேனா மூடியால் அதன் பொத்தானை அமுக்கிவிட்டு, வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்து, எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் திரையில் லேசாக வெளிச்சம் வரும். வெயில் காலத்தில் பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்து டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். ஜாதகம் வாங்க வந்தவர் வேர்த்து வடிய உட்கார்ந்திருப்பார். காற்றெல்லாம் கம்ப்யூட்டருக்கு.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் கடை. ஜாதகம் கணித்துத் தருவேன், பொருத்தம் பார்த்து பிரிண்ட் போட்டுத் தருவேன், நடுவில் யாராவது வந்தால் ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். பலன் சொல்ல மாட்டேன், எனக்கு அது தெரியாது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கம்ப்யூட்டர் கட்டம் போட்டுத் தரும். அதை வாங்கிக்கொண்டு அவரவர் தங்கள் ஜோசியரிடம் போவார்கள். ஆனாலும், "அந்தக்கா போட்டா தப்பா இருக்காது" என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. என்னவோ கிரகத்தையெல்லாம் நானே நிறுத்தி வைத்த மாதிரி அந்தப் பேரை நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்த சமயம் அது. மாப்பிள்ளைக்கு ஊர் வேப்பூர். அப்பா இல்லை. ஹைவே ஓரத்தில் டிபன் கடை வைத்து ஒற்றை ஆளாக அவரை வளர்த்தது அவருடைய அம்மா. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு நக நட்டெல்லாம் கேக்கத் தெரியாதுங்க. ஆயில்யம் மட்டும் வேணாம்னு சொல்லிட்டேன். மாமியாருக்கு ஆவாதுன்றாங்க. நான் இன்னும் கொஞ்ச நாளு இருந்தாவணும், பேரப்புள்ளைய பாக்க வேணாமா?"

"என் பொண்ணு பூசங்க" என்றேன், என்னவோ நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நட்சத்திரம் போல. என் கையால் தட்டி, என் பழைய கம்ப்யூட்டரில் போட்ட ஜாதகம் அது. நிச்சயத்துக்குப் பிறகு மகளும் மாப்பிள்ளையும் போனில் பேசுவதைக் கேட்டால் இவர்களுக்குப் பேச இவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று இருக்கும். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் புது கம்ப்யூட்டர் வாங்கினேன்.

கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தவர் பழையதைக் குனிந்து பார்த்தார். என் கணவர் செராமிக் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை செய்பவர். அவர் சட்டையில் வந்ததோ, ரோட்டுக் காற்றில் வந்ததோ, உள்ளே வெள்ளையாகப் புழுதி அப்பியிருந்தது. "என்னக்கா, இதுக்குள்ளயே ஒரு பொம்மை செஞ்சு சுட்டுடலாம் போல இருக்குது" என்றார். புதியதில் என் பழைய ஜாதக சி.டி.யைப் போட இடமே இல்லை. அதனால் ஜாதக சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை நெட்டிலிருந்து இறக்கிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அது தயாராகி நின்றது. எனக்கு அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது. முதல் ஜாதகம் மங்களகரமாக இருக்கட்டுமென்று மகளின் விவரத்தைத் தட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டம் வந்து விழுந்தது.

ஆயில்யம், முதல் பாதம்.

நேரத்தைத் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன். ஊரைச் சரிபார்த்தேன், காலையா மாலையா என்று பார்த்தேன். ஆயில்யம். மேஜைக்கு அடியில் தள்ளியிருந்த பழையதை இழுத்து வெளியே வைத்து, வயரெல்லாம் மாட்டி, பேனா மூடியால் அமுக்கினேன். அது முக்கி முனகி எழுந்திருக்கும்வரை எதிரே நின்று எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரை வேண்டிக்கொண்டிருந்தேன். பூசம், நாலாம் பாதம் என்றது. ஒரே பெண், ஒரே பிறந்த நேரம், பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் இரண்டு நட்சத்திரம்.

பொருத்திக் கொடுத்தவருக்கு போன் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அக்கா, பழசு வாக்கியப் பஞ்சாங்கம். புதுசுல திருக்கணிதம்தான் தானா வந்து நிக்கும். செட்டிங்ஸ்ல போயி மாத்திக்குங்க."

வாக்கியம், திருக்கணிதம் என்ற சண்டை எனக்குத் தெரியாததல்ல. முன்னோர் எழுதி வைத்த சூத்திரப்படி வருவது ஒன்று, வானத்தை அளந்து திருத்திய கணக்கு இன்னொன்று. ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது பிறக்கும் நேரம் இரண்டிலும் முன்னே பின்னே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் மாறாது. என் மகள்தான் அந்தச் சந்துக்குள் பார்த்து, ஒரு விடியற்காலையில் பிறந்து வைத்தவள்.

"மாத்திட்டா பூசம் வந்துருமா?"

"வந்துரும்க்கா. எது வேணுமோ வச்சுக்கலாம்."

மாற்றினேன். பூசம் வந்தது. திரும்ப மாற்றினேன். ஆயில்யம் வந்தது. அன்று மத்தியானம்வரை என் மகளை அந்த இரண்டுக்கும் நடுவில் போகவும் வரவும் விட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கே ஜாதகம் போட்டுக் கொடுத்தவளுக்கு, பெற்ற பெண் என்ன நட்சத்திரம் என்று தெரியவில்லை.

கணவரிடம் சொன்னேன். "பழசுல பூசம்தானே? அதோட வுடு. புதுசா வாங்கினது வேலை சீக்கிரம் ஆவறதுக்கு, குடும்பத்தைப் பிரிக்கறதுக்கா?" என்றார். அவர் சொன்னபடி வாக்கியத்துக்கே மாற்றி வைத்தேன். ஆனால் விட முடியவில்லை. விஷயம் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். மகள் போனை வைத்துக்கொண்டு சிரிக்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்தப் பயத்துக்கடியில் இன்னொரு பயம் கிடந்தது. கல்யாணம் நடந்து, அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் இதையெல்லாம் நம்புகிறவளா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. நம்பாதவள் எதற்காகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன் என்றும் தெரியாது.

இப்படி நான் மருகிக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் சம்பந்தியம்மாவே கடைக்கு வந்து நின்றார். கோயிலுக்கு வந்தாராம், நெற்றியில் விபூதி. மாங்கல்யம் கட்ட நேரம் குறிக்கும் ஜோசியர் பெண் ஜாதகம் இன்னொரு நகல் கேட்கிறார், வீட்டில் இருந்ததில் எண்ணெய் கொட்டிவிட்டது என்றார். என்ன பயம், அதுதான் வாக்கியத்தில் இருக்கிறதே, தட்டினால் பூசம்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே புது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"புதுசா வாங்கிருக்கீங்களா? அப்ப இதுலயே போடுங்க சம்மந்தி. புதுசுன்னா தப்பு வராதுல்ல?"

அதைக் கேட்டதும் என் விரல் ஓடவில்லை. பொய் சொல்வது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் இப்படி நம்பி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு முறையிலும் போட்டுக் காட்டினேன். பூசம். ஆயில்யம். அழக்கூடாது என்றுதான் இருந்தேன், அழுதுவிட்டேன்.

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். அதுவரை இல்லாத ஒரு களைப்பு அவர் முகத்தில் வந்தது.

"ரெண்டுல எது நெசம்?"

"தெரியலீங்க."

"உங்களுக்கே தெரியலியா?"

"தெரியலீங்க."

வாசலில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இதோ எழுந்திருக்கப் போகிறார், ஆயிற்று, முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க. அவங்கப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

"சொல்லிடாதீங்க. என் பையன்கிட்டயும் மூச்சு வுடாதீங்க. தெரிஞ்சா, நான் தும்முனாகூட அந்தப் புள்ள பயந்துக்கும். வூட்டுக்கு வர்ற பொண்ணு என் மூஞ்சியவே பாத்துக்கினு கெடக்குமா? பாவம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயப்படறத நாம ரெண்டு பேரும் பயந்துக்குவோம். போதும்."

பிறகு மேஜைக்கு அடியில் காட்டி, "பழசுலயே போட்டுக் குடுங்க" என்றார்.

புதியதிலேயே பூசம் வந்ததை இப்போதுதான் பார்த்தார் என்று நான் நினைவூட்டவில்லை. பழையதை இழுத்து வைத்து அமுக்கினேன். டீ வரவழைத்தேன். அவர் மடியில் டேபிள் ஃபேனைப் பிடித்துக்கொண்டு அதற்குக் காற்று காட்டினார். அது எழுந்து வருவதற்குள் டீ ஆறிவிட்டது. இரண்டு பேருக்கும் குடிக்கத் தோன்றவில்லை. பிரிண்ட் வந்ததும் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் சம்மந்தி" என்று கிளம்பினார்.

கல்யாணம் நடந்தது. மகள் வேப்பூருக்குப் போனாள். நான் தினமும் காலையில் கடை திறந்ததும் சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன் போட ஆரம்பித்தேன். சுகம் விசாரிப்பது போல ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போடுவேன். அவர் ஹலோ சொல்ல மாட்டார். எடுத்ததும், "இருக்கேன் சம்மந்தி" என்பார். பின்னால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் சுர்ரென்று கேட்கும். எனக்கு மூச்சு வரும். பழையதை இரும்புக் கடையில் போடலாம் என்று கணவர் சொல்லும்போதெல்லாம் சண்டைக்குப் போனேன். இப்போதும் துண்டு போர்த்தி மேஜைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் அவர் போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மகளுடையது மணி அடித்து ஓய்ந்தது. மாப்பிள்ளையுடையது தொடர்புக்கு வெளியே. ஜாதகத்துக்கு உட்கார்ந்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, ஷட்டரை இறக்கி, வந்த பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கென்று பார்த்து அந்த பஸ் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றது. கெட்ட செய்தி வந்தால் என் மகள் தலையில் எதைச் சுமத்துவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி வழியில் அதெல்லாம் போய்விட்டது. மடியில் ஃபேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளை உயிரோடு இருக்க வேண்டும், அது மட்டும்தான் இருந்தது.

டிபன் கடையில் கூட்டம். கல்லில் தோசை வார்த்துக்கொண்டு நின்றது என் மகள்.

"என்னம்மா திடீர்னு?"

"அத்தை எங்க?"

"உள்ள படுத்துருக்காங்க. நேத்துலருந்து ஜுரம். ராத்திரியெல்லாம் பாத்துட்டேன், ஊசி போட்டு இப்பதான் தூங்கறாங்க. நான்தான் அவங்க போனை சைலண்ட்ல போட்டேன். சாதாரண ஜுரம்தாம்மா, இதுக்கா பஸ் ஏறி வந்த?" அடுத்த கரண்டி மாவை எடுத்து ஊற்றினாள்.

உள்ளே போனேன். சம்பந்தியம்மா கண் விழித்துத்தான் இருந்தார். நெற்றியில் ஈரத்துணி. பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் பின்னாலேயே வந்து, துணியை மாற்றிப் போட்டு, "கஞ்சி அப்படியே இருக்குது பாருங்க, இப்ப குடிக்கலன்னா நான் திட்டுவேன்" என்று அதட்டிவிட்டுக் கடைக்கு ஓடினாள். கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது.

அவர் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த உதடு லேசாகச் சிரித்தது.

"பாத்தீங்களா சம்மந்தி, பயப்படவே இல்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அனலாகச் சுட்டது. கஞ்சி குடித்து முடிக்கும்வரை விடவில்லை.