வண்டிக்குப் பின்னால் நின்றவர்

அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பாறை ஏறும் வண்டி, ஆற்றில் இறங்கும் வண்டி, மணலில் பாயும் வண்டி என்று இருபத்திரண்டு வருடம் ஒரு மோட்டார் மாத இதழுக்குப் படம் எடுத்தவர், வேலைக்குப் பேருந்தில்தான் போய் வந்தார். மடியில் கேமராப் பை. இரண்டு காலுக்கும் நடுவில் மூடி போட்ட வாளி. வாளியில் சேறு.

அந்தச் சேற்றை அவரே கலப்பார். நிறுவனங்கள் இரவலாகத் தரும் வண்டியை ஒரு கீறல் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். அதனால் நிஜச் சேற்றில் பெரும்பாலும் இறக்க முடியாது. சலித்த களிமண்ணில் கொஞ்சம் சமையல் எண்ணெய் சேர்த்தால் காயாமல் பளபளப்பாக நிற்கும். பழைய தூரிகையால் சக்கர வளைவுகளில் தெளிப்பார். இதழின் வாசகர்கள் வியந்து பார்த்த சேற்றில் பாதி எங்கள் குளியலறையில் கலந்தது. அம்மா அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிய அன்றும், சேறு கொட்டிவிட்டதா என்றுதான் அப்பா முதலில் கேட்டார்.

அதற்கு முன்பு ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "அசையாதீங்க" என்று சொல்லும் வேலை. இதழின் அப்போதைய படக்காரர் சகதியில் படுத்து எடுக்க மறுத்தபோது, யாரோ சொல்லி இவரைக் கூப்பிட்டார்கள். இவர் படுத்தார். ஓட்டுநர்கள் "சேறு சார்" என்று பெயர் வைத்தார்கள். அதில் அவருக்குப் பெருமை.

நல்ல மனிதர் என்று எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை வெள்ளித் தகடு ஒட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வைப்பார். வெளிச்சத்தை வண்டியின் முகத்தில் திருப்புவதற்கு. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். கை நடுங்கினால் திட்டுவார். "எனக்கும் கேமரா ஸ்டாண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான். அதை மட்டும் துணி போட்டு மூடி வைப்பார்" என்பாள் அம்மா. பள்ளியில் எனக்குப் பரிசு கிடைத்த அன்று ஒரு படம் எடுக்கச் சொன்னேன். என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். நிழல் விழ இடமே இல்லாத முகம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பிரேக் சோதிக்கும் பொறியாளர் ஆனபோது பக்கத்து வீட்டாரிடம் சொன்னது: "மத்தவங்க பிள்ளைங்க ஓட வைக்கப் படிக்குது. இது நிறுத்தப் படிச்சிருக்கு."

ஐம்பத்தொன்பதாவது வயதில் அவருக்கு இதயத்தில் அடைப்பு எடுத்தார்கள். கனமானதைத் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்றார் மருத்துவர். அதே மாதம் இதழுக்குப் புது ஆசிரியர் வந்தார். அப்பாவைவிட இருபது வயது சிறியவர். எல்லோர் முன்னிலையிலும் அப்பாவைப் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்காக அல்ல. வண்டி நிறுவனங்களே கணினியில் செய்த படங்களை அனுப்புகின்றன, எதற்காக ஒரு ஆளை அனுப்ப வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டார். அப்பாவின் மூன்று அட்டைப் படங்களை மேசையில் பரப்பிவிட்டுச் சொன்னாராம்:

"உங்க படத்துல வண்டி நிக்குது பெரியவரே. அவங்க படத்துல பறக்குது."

புதிதாக வந்த ஒரு வண்டியைக் கொடுத்து, அடுத்த மாத அட்டைக்குப் பறக்கிற மாதிரி ஒன்று எடுத்து வரச் சொன்னார். அது சரியாக வந்தால் வேலை தொடரும். இல்லாவிட்டால் அதற்கடுத்த இதழிலிருந்து நிறுவனப் படங்கள்தான்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என்னிடம் ஒன்றுதான் சொன்னார். சனிக்கிழமை லீவு போடு, ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும். இதயத்தைப் பற்றி நான் பேச்செடுத்தேன். ஆசிரியர் காதுக்கு அது போனால் உன்னைத்தான் கேட்பேன் என்றார்.

வேகப் படம் எப்படி எடுப்பது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டியின் உடலில் ரப்பர் உறிஞ்சிகளால் நீளமான ஒரு கம்பத்தை ஒட்டி, அதன் நுனியில் கேமராவைக் கட்டுவார்கள். வண்டி நகரும்போது கேமராவும் கூடவே நகரும். ஷட்டரை மூன்று விநாடி திறந்து வைத்தால் வண்டி தெளிவாக இருக்கும். தரையும் சக்கரமும் கோடுகோடாக இழுபட்டுவிடும். பார்ப்பவருக்கு எண்பது கிலோமீட்டர் வேகம். உண்மையில் வண்டி நடை வேகத்தில்கூடப் போகாது. எஞ்சின் ஓடினால் கம்பம் அதிரும், ஆகவே எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து ஆட்கள் தள்ளுவார்கள். கம்பத்தைப் பிறகு கணினியில் அழித்துவிடலாம். தள்ளுகிற ஆள் மட்டும் படத்தில் விழக் கூடாது. கேமரா இடப்புற முன்பக்கம் என்றால், ஆள் வலப்புறப் பின்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து மறைந்துகொள்ள வேண்டும்.

அணைத்த எஞ்சினில் இன்னொன்றும் உண்டு. பிரேக்கை மிதிக்க எஞ்சின்தான் உதவுகிறது. அணைத்த பிறகு மிச்சமிருக்கும் உதவி இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். அதைச் சோதிப்பதுதான் என் வேலை. அந்த எச்சரிக்கை வாக்கியத்தை ஒரு வண்டியின் கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. வண்டியோடு நிறுவனத்து ஆள் ஒருவர் வந்தார், வண்டிக்குக் காவலாக. கீறல் விழுந்தால் என்னைத்தான் கேட்பார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னதால், மதியத்துக்குள் அப்பா அவருக்குக் "கீறல்" என்று பெயர் வைத்துவிட்டார். தள்ள அவரும் சேர்ந்துகொண்டார். சட்டைப் பொத்தான் உரசாமல் இருக்க மார்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார்.

பிரேக்குக்கு அந்த உதவி திரும்பக் கிடைக்க, இரண்டு படத்துக்கு ஒருமுறை நான் எஞ்சினைப் போட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பேன். ஒவ்வொரு முறையும் கம்பம் அரை விரல் நகர்ந்துவிடும். அப்பா திரும்பக் கட்டுவார். ஐந்து நிமிடம் போகும். எட்டுப் படம் ஆனபோது வெயில் குவாரியின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டது. இனி எஞ்சினைப் போடாதே என்றார். மறுபடி ஆரம்ப இடத்துக்குப் போகவும் நேரமில்லை, இப்படியே மேலே தள்ளிக்கொண்டு போகலாம் என்றார்.

நான் பெடலைப் பற்றிச் சொன்னேன்.

"வெளிச்சம் உனக்காக நிக்குமா? சொன்னதைச் செய்."

செய்தேன். ஒன்பது, பத்து. பத்து முடிந்தபோது வண்டி நின்ற இடம் சமதரை மாதிரித் தெரிந்தது. ஏற்றம். பின்னொரு நாள் நான் போய் மட்டம் வைத்துப் பார்த்தேன். நூறு மீட்டருக்கு நாலு மீட்டர்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. போதும் என்றேன். குனிந்து தன் இடத்துக்குப் போனார். "விடு" என்றார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அவர் கையிலிருந்த ஷட்டர் பொத்தானை அழுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கீறலின் போன் அடித்தது. நிறுவனத்திலிருந்து. கையை எடுத்துவிட்டார்.

வண்டி முன்னால் போகவே இல்லை. நேராகப் பின்னால் உருண்டது. அது எனக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. மிதித்தேன். கல். நான் கையேட்டில் எழுதிய அதே கல். மறுபடி மிதித்தேன். மூன்றாவதாகத்தான் கை பிரேக் நினைவுக்கு வந்தது.

அப்பா விலகியிருக்கலாம். நேரம் இருந்தது. இரண்டடி பக்கத்தில் நகர்ந்தால் போதும், ஆனால் நகர்ந்தால் படத்தில் விழுவார். ஷட்டர் திறந்திருந்தது. சரளையில் கால் ஊன்றி, இரண்டு டன் வண்டியைத் தனியாகப் பிடித்துப் பார்த்திருக்கிறார். கால் வழுக்கியிருக்கிறது. ஷட்டர் மூடிய பிறகுதான் கத்தினார் என்று கீறல் சொன்னார். சக்கரம் இடுப்பின் மேல் ஏறியபோதுதான் கை பிரேக் பிடித்தது. அதனால் வண்டி அங்கேயே நின்றது. நான் எஞ்சினைப் போட்டு முன்னால் எடுக்க வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை கீறல் அழுதுகொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். ஒருமுறை பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். என்னிடம் அல்ல, போனில்.

இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. சிறுநீரகம் ஒன்று வேலை செய்யவில்லை. அந்த இதயத்தோடு அறுவை சிகிச்சை முடியாது, பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்று அவர்கள் சொன்ன விதத்தில் நானும் அம்மாவும் புரிந்துகொண்டோம். ஆசிரியர் போனில் வருத்தம் தெரிவித்தார். படம் எப்போது வரும் என்றும் கேட்டார்.

நான்காம் நாள் காலை அப்பா லேப்டாப் கேட்டார். படுக்கையில் சாய்த்து வைத்து, நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முதல் பத்துப் படத்தையும் வேண்டாம் என்று தலையாட்டினார். தள்ளுகிறவர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் வண்டி கொஞ்சம் குலுங்கும். அந்தக் குலுக்கல் தரையின் கோடுகளில் தெரிந்தது. ஆறாவது மட்டும் பரவாயில்லை. பதினொன்றில் நிறுத்தச் சொன்னார்.

அதில் யாரும் தள்ளவில்லை. வண்டி தானாக உருண்டிருக்கிறது. ஒரு குலுக்கல் இல்லை. தரை எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. விளிம்பில் சூரியன், முன்சக்கரம் முழு வட்டமாகச் சுழல்கிறது. கோடுகளுக்குத் திசை கிடையாது. பின்னால் போன வண்டி முன்னால் பாய்வது மாதிரித்தான் இருந்தது.

"இதை அனுப்பு," என்றார். ஊசி குத்திய கையைத் தூக்கித் திரையை ஒருமுறை தொட்டார். அவர் எதையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் ஆறாவதை அனுப்பினேன். பதினொன்றை அனுப்பிவிட்டதாக அவரிடம் சொன்னேன். அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார் என்று அம்மா சொன்னாள்.

ஏழாம் நாள் ஆசிரியர் அப்பாவின் போனுக்கே கூப்பிட்டார். அப்பாவால் பிடிக்க முடியாது என்று அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார் ஆசிரியர். அப்புறம் படத்துக்கு வந்தார்.

"ஆறாம் நம்பர் பாத்தேன் பெரியவரே. குலுங்குது. நீங்க இருக்கிற நிலைமையில நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. அட்டைக்கு அவங்க படத்தையே போட்டு அச்சுக்கு அனுப்பியாச்சு."

ஆசிரியர் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆறாவதா?"

ஆமாம் என்றேன்.

"ஏன்?"

"அதுல நீங்க இருக்கீங்கப்பா. வண்டிக்குப் பின்னால. எனக்குத் தெரியுது."

"எங்க இருக்கேன்? காட்டு. தெரியக் கூடாதுன்னுதானே அங்கேயே நின்னேன்."

உடனே வெளியே போய் ஆசிரியரைக் கூப்பிட்டேன். இன்னொரு படம் இருக்கிறது, இதைப் பாருங்கள் என்றேன். அட்டை அச்சாகிவிட்டது, நீங்கள் குடும்பத்தைக் கவனியுங்கள் என்றார். திரும்பி உள்ளே வந்தபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இடுப்பை அசைக்க முடியாதவர். எப்படித் திரும்பினாரோ.

"அவளை வெளிய இருக்கச் சொல்லு," என்றார் அம்மாவிடம்.

இரண்டு நாள் வெளியே இருந்தேன். நடையில் ஒரு நீல நாற்காலி, எதிரே கை கழுவும் தொட்டி. அம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவாள். "இன்னும் வேண்டாங்கிறார்" என்பாள், தன் தப்பு மாதிரி. வலி மருந்து கூட்டிய பிறகு அவர் தூங்கும்போது உள்ளே போய்ப் பார் என்றாள் ஒருமுறை. அவர் வேண்டாம் என்றிருந்தார், நான் போகவில்லை. ஒன்பதாம் நாள் காலை பத்தேகாலுக்குச் செவிலியர் இரண்டு பேர் ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இதழ் அந்த மாதமும் தபாலில் வந்தது. அவருக்கு வரும் இலவசப் பிரதி. அம்மா உறையைப் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன். அட்டையில் கணினி வண்டி. சூரியன் இடப்பக்கம், நிழலும் இடப்பக்கம். தூசி பறக்கிறது, சக்கரத்தின் ஆரங்கள் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டிருக்கின்றன. எங்கள் பகுதிக் கடையில் இரண்டே நாளில் விற்றுவிட்டது.

பதினொன்றாவது அதைவிட நல்ல படம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எடுத்த எதையும்விட. ஆசிரியர் அதை மறுத்திருக்க முடியாது. திரையில் முதன்முதலாக வந்த அந்த நிமிடமே எனக்கும் அது தெரிந்தது. தெரிந்துதான் அனுப்பவில்லை.