எட்டு நிமிடம் வாய் திறக்கவில்லை

எனக்காக ஜெபித்த சபையாருக்கு, நானே ஜெபிக்க முடியாமல் போன ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

போன வருடம், குறுவை நடவு நேரம். நான் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்து, பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படித்தவள். கண்டுபிடிப்புகளுக்கான உரிமை வழக்குகளை நடத்தும் அலுவலகத்தில் சேர ஆசை. மூன்று இடங்களில் கழித்துவிட்டார்கள். மூன்றிலும் ஒரே காரணம்: குழு விவாதத்தில் நான் பேசவில்லை. நான்காவதாகச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு நாள் முழுக்கத் தேர்வு. இதுவும் போனால் பழைய வேலைக்கே திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

தயாரிப்புக்குப் பட்டியல் போட்டேன். பதினொரு வரி. சான்றிதழ் நகல், பழைய தீர்ப்புகள், எழுத்துப் பயிற்சி என்று பத்தையும் முடித்தேன். பதினொன்றாவது, குறுக்கே பேசுதல்.

வலங்கைமானில் எங்கள் வீட்டில் அம்மாவை எதிரே உட்கார வைத்து, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனைப் போனில் ஸ்பீக்கரில் போட்டுப் பழகினேன். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“ஏய், இருக்கியா? லைன் கட்டாயிடுச்சா?” என்றார் அண்ணன்.

“இங்கதான்டா இருக்கா, வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு” என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, “பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாதன்னு உன்னை அடிச்சு வளர்த்தேன். இப்ப பேசுன்னா எப்படிடி வரும்?”

சிரித்தோம். பிறகு கொல்லைப்புறம் போய் அழுதேன்.

தேர்வன்று ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு பம்பின் வடிவமைப்புக்கு இரண்டு கம்பெனிகள் உரிமை கேட்கின்றன, யாருடையது? வரைபடங்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டிலும் வால்வு வேறு. அது ஒரே பம்பே இல்லை.

நான்கு பேர் மாறி மாறிப் பேசினார்கள். நான் வாயைத் திறப்பேன், யாராவது தொடங்கிவிடுவார்கள், மூடிக்கொள்வேன். எட்டு நிமிடம் போனது. தேர்வாளர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மனப்பாடமான ஜெபம்கூட வரவில்லை. மேசைக்கு அடியில் விரல்களைக் கோத்து, “என்னால் முடியவில்லை, ஆண்டவரே” என்றேன். அவ்வளவுதான்.

தைரியம் வரவில்லை. தலை மட்டும் நிமிர்ந்தது. எதிரே ஒரு பெண். அவளும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அதுவரை நான் அவளைப் பார்க்கவே இல்லை.

“ஒரு நிமிஷம் இருங்க. இவங்க ஏதோ சொல்ல வர்றாங்க.”

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். என் குரல் என்று நம்பவே முடியவில்லை. எனக்காக ஒருநாளும் வராத பேச்சு, அவளுக்காக வந்துவிட்டது. நால்வரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் பேசினாள். முடித்துவிட்டு, “நீங்க சொல்லுங்க” என்றாள். வால்வைப் பற்றிச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் வேலை உத்தரவு வந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா, தெரியாது. பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. பெயர் தெரியாமலே தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன். முன்பெல்லாம் என் ஜெபத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

எங்கேயாவது வாயடைத்து உட்கார்ந்திருக்கிறவர்களே, தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முடியவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, எதிரே யார் இருக்கிறார் என்று பாருங்கள்.