ரெண்டு வாய் மோர்சாதம்

ஷாக் என்ற வார்த்தையைப் பொன்மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஸ்விட்சைத் தொட்டாலும் ஷாக், எதிர்வீட்டுப் பையன் பரீட்சையில் தேறினாலும் ஷாக். எது மின்சாரம், எது மனசு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஒண்ணும் இல்லீங்க அண்ணி. அண்ணனுக்கு லேசா ஷாக் அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரியில இருக்காரு. பயப்படாதீங்க, வாங்க."

ஒன்றும் இல்லையென்றால் எதற்கு இந்த ஓட்டம்? அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா தட்டில் மோர்சாதத்தோடு வந்துவிட்டாள்.

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்புடி. அங்க எந்நேரம் ஆகுமோ."

அவ்வளவுதான், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் பக்கத்தில் சாவை நேராகச் சொல்லமாட்டார்கள். இழவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று, விஷயத்தை மறைத்து முதலில் சோற்றைப் போடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் என் அப்பா போனபோதும் இதே அக்காதான் தட்டோடு வந்தாள். நான் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அப்பா வீட்டுத் தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"உண்மையைச் சொல்லுங்கக்கா. போயிட்டாரா?"

"சீ, என்ன பேச்சு பேசுறே! நல்லாத்தான் இருக்காராம்."

அன்றைக்கும் இதையேதான் சொன்னாள்.

குதிரை வண்டியில் போகும்போது அழுகையே வரவில்லை. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. பாழும் மனசு அதுபாட்டுக்கு யோசித்தது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வார்களே, எங்கே போவது? மாமியார் வீடா, அண்ணன் வீடா? ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுப் பின்கட்டு அறை சும்மாதான் கிடக்கிறது. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம். ஐயோ, ஜன்னல் வரைக்கும் போய்விட்டேன்!

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் வலது கையில் கட்டோடு உட்கார்ந்து, இடது கையால் பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? கோபம்தான் வந்தது.

"உசிரோடவா இருக்கீங்க?" என்று கத்தினேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸம்மா என்னைத் தாங்கிப் பிடித்துப் பெஞ்சில் படுக்கவைத்தாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லை. இந்தம்மாவுக்குத்தான் ஷாக்" என்றாள்.

அவருக்கு ஒரே சிரிப்பு. "நான் போயிட்டேன்னே முடிவு பண்ணிட்டியா? சரி, அப்புறம் எங்க போறதா இருந்தே?"

"எங்கண்ணன் வீட்டுக்கு. அந்தப் பின்கட்டு அறைக்கு."

யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மிச்சப் பன்னைக் கீழே வைத்தார்.

"அதுக்குள்ளயா?" என்று கேட்டார்.